நாலாம் நம்பர் கீழ்க் கட்டில்

போஸ்ட்டம்மா அந்தத் தீவில் வந்து இறங்கியபோது அவளுக்கு முப்பத்திரண்டு வயது. கையில் ஒரு மாற்றல் உத்தரவு, ஒரு தகரப் பெட்டி, அம்மா கட்டிக் கொடுத்த ஒரு துணி மூட்டை. படகு ஆடிய ஆட்டத்தில் வயிற்றில் இருந்ததெல்லாம் கடலுக்குப் போயிருந்தது. அப்போது அவளுக்கு அந்தப் பெயரும் வந்திருக்கவில்லை. தபால் நிலையத்துக்குப் புதிதாக வந்திருக்கும் கிளார்க், அவ்வளவுதான்.

போஸ்ட்மாஸ்டர் நல்ல மனிதர். நெற்றியில் ஏற்றிவிட்ட கண்ணாடியை மேசையெல்லாம் தேடுகிற ரகம். உத்தரவை வாங்கிப் படித்துவிட்டு, "வாம்மா, வா. உனக்குக் குவார்ட்டர்ஸ் ரெடியா இருக்கு" என்றார். அவள் மூச்சு விடுவதற்குள், "கூரை மட்டும் இன்னும் வரல" என்றார்.

"கூரை இல்லாம எப்படி சார் இருக்கறது?"

"ஒரு வாரம் பொறுத்துக்கோ. கப்பல்ல ஏத்திட்டாங்களாம்."

கூரை வரத்தான் செய்தது. ஒரு வாரத்தில் அல்ல, நான்கு மாதத்தில். வந்த தகடுகள் ஒவ்வொன்றும் ஒரு முழம் குட்டை. அவற்றைத் திருப்பி அனுப்பினார்கள். பிறகு தகடு சரியாக வந்து ஆணி வரவில்லை. ஆணி வந்தபோது தகட்டைக் காணோம். யாரோ ஒரு நல்லவர் அதைக் கோழிக்கூண்டு கட்ட எடுத்துப் போயிருந்தார். இப்படியே ஒன்பது வருடம் ஓடும் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால், அடுத்த படகிலேயே அவள் திரும்பி ஏறியிருப்பாள்.

ஒரு வாரம் தங்க இடம் வேண்டும். தீவில் வாடகைக்கு வீடு என்று எதுவும் கிடையாது. படகுத்துறைக்குப் பக்கத்தில், முதுகில் பையைச் சுமந்துகொண்டு நாடு நாடாகச் சுற்றுகிற இளவட்டங்கள் வந்து தங்கும் லாட்ஜ் ஒன்று இருந்தது. கட்டில் கணக்கில் வாடகை. போஸ்ட்மாஸ்டர் அவளை அங்கே கொண்டுபோய் விட்டார்.

லாட்ஜ்காரர் ஒரு காலத்தில் படகு எஞ்சின் மெக்கானிக். வாயைத் திறந்தால் எஞ்சின் எண்ணெய் வீணாகிவிடும் என்பதுபோல் இருப்பார். அவருக்கும் சேர்த்துப் பேச அவர் மனைவி இருந்தாள். எல்லோருக்கும் அவள் அக்கா. பெட்டியையும் மூட்டையையும் பார்த்ததுமே அவளுக்கு நிலைமை புரிந்துவிட்டது.

"ஒரு வாரந்தானே? கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள ஓடிடும். பொம்பளைங்க கூடத்துல ஜன்னலோரக் கட்டில் காலியா இருக்கு. ஆம்பளைங்க கூடம் பின்னாடி. அவங்களுக்குத் தனிக் குழாய். ஒரு பயமும் இல்ல, வா."

பெண்கள் கூடம் முன்பு கொப்பரை சேர்த்து வைத்த கொட்டகை. வெயில் ஏறினால் சுவரிலிருந்து இன்னும் எண்ணெய் வாசனை வரும். நான்கு இரும்பு அடுக்குக் கட்டில்கள். ஒவ்வொன்றிலும் மேலே ஒருத்தி, கீழே ஒருத்தி. கட்டில் கால்களில் வெள்ளைப் பெயின்ட்டில் ஒன்று முதல் நான்குவரை நம்பர். நடுவில் ஒரு மின்விசிறி. வாசலுக்கு வெளியே துவைக்கிற கல், தண்ணீர்த் தொட்டி, மரத்துக்கு மரம் இழுத்துக் கட்டிய கொடிக்கயிறு. எங்கே கால் வைத்தாலும் மணல். பெருக்கித் தள்ளிவிட்டுத் திரும்பினால், பின்னாலேயே வந்து உட்கார்ந்திருக்கும்.

முதல் நாள் காலையில் அவள் கண் விழித்தபோது, முகத்துக்கு நேராக இரண்டு பாதங்கள் தொங்கிக்கொண்டிருந்தன. ஒன்றின் குதிகாலில் பிளாஸ்திரி. அவள் பதறிப்போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். மேலேயிருந்து ஒரு தலை கவிழ்ந்து தொங்கியது, முடியெல்லாம் தரையைப் பார்த்தபடி. "குட் மார்னிங்" என்றது. தலைகீழாகச் சிரிக்கிற ஒரு முகத்தை அதற்கு முன் அவள் பார்த்ததில்லை. அவளும் "குட் மார்னிங்" என்றாள். பிறகு போர்வைக்குள்ளேயே உடை மாற்ற முயன்று, கொசுவலையில் சிக்கிக்கொண்டாள். கடைசியில் அந்தத் தொங்குகால்காரியே இறங்கி வந்து அவளை விடுவித்தாள்.

அம்மாவுக்கு எழுதிய முதல் கடிதத்தில், "கடல் பார்த்த ரூம், நல்ல காற்று" என்று எழுதினாள். காற்றைப் பொறுத்தவரை அது முழு உண்மை.

வாரம் மாதமானது. மாதம் வருடமானது. கூடத்தில் மற்ற ஏழு கட்டில்களிலும் ஆள் மாறிக்கொண்டே இருந்தார்கள். மூன்று நாள், ஒரு வாரம், மிஞ்சினால் ஒரு மாதம். அவள் மட்டும் நாலாம் நம்பர் கீழ்க் கட்டிலில். நாளடைவில், யாரும் சொல்லாமலேயே அந்தக் கூடம் அவள் பொறுப்பில் வந்துவிட்டது. மின்விசிறி நின்றால் குடைக் கம்பால் ஒரு தட்டுத் தட்ட வேண்டும், அதுவும் இடது பக்கம் என்று புதிதாக வருகிறவளுக்குச் சொல்வது அவள்தான். தண்ணீர் நிற்பதற்கு முன் வாளியைப் பிடித்து வை என்பாள். மேல் கட்டிலில் ஏறுகிறவளை, மூன்றாவது படியை நம்பாதே என்று எச்சரிப்பாள். ஊசி, நூல், காய்ச்சல் மாத்திரை, கதவுக்குக் கீழே செருகக் காகிதம் எல்லாம் அவளுடைய தகரப் பெட்டியில் இருக்கும். அக்கா அவளை "போஸ்ட்டம்மா" என்று கூப்பிடுவதைக் கேட்டு, வருகிற பெண்களும் அவரவர் வாய்க்கு வந்தபடி அப்படியே கூப்பிட்டார்கள். "போஸ்தாமா", "புஸ்டமா". ஒருத்தி கடைசிவரை "பாஸ்தாம்மா" என்றே கூப்பிட்டாள். ஏதோ தின்பண்டத்தைக் கூப்பிடுவதுபோல் இருக்கும்.

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி ஒன்று உண்டு. எத்தனை நாளாகப் பயணத்தில் இருக்கிறீர்கள்? ஒருத்தி மூன்று மாதம் என்பாள். இன்னொருத்தி எட்டு மாதம் என்று சொல்லித் தலையை நிமிர்த்துவாள். போஸ்ட்டம்மா தலையணை உறையை மாட்டிக்கொண்டே, "நாலு வருஷம்" என்பாள். கூடமே வாயைப் பிளக்கும்.

"எங்கெங்கே போனீர்கள்?"

"இங்கேதான் வந்தேன். இன்னும் போகல."

பகலில் நிலைமை தலைகீழ். விடிய எழுந்து, உடைக்கு இஸ்திரி போட்டு, தலையை வாரிக்கொண்டு, ஒன்பது மணிக்குக் கவுன்ட்டரில் உட்கார்ந்துவிட்டால் அவள் தபால் இலாகா. முதல்நாள் இரவு அவளிடம் சோப்பு கடன் வாங்கியவள் காலையில் வரிசையில் நின்று, "மேடம், ஸ்டாம்பு" என்பாள். அவளும் முகத்தில் ஒரு சுருக்கம்கூட மாறாமல் எடுத்துக் கொடுப்பாள். வேலை என்றால் வேலை.

அவர்கள் எழுதுவதெல்லாம் படம் போட்ட போஸ்ட்கார்டுகள். போஸ்ட்கார்டு என்பது மூடாத கடிதம். முகவரியைப் பார்க்கப் போன கண், பக்கத்தில் இருக்கிற வரிகளில் தடுக்கி விழுந்தால் அதற்கு யார் என்ன செய்ய முடியும்? அப்படித்தான் ஒருநாள் தன்னைப் பற்றிய ஒரு பெரிய உண்மையைப் போஸ்ட்டம்மா தெரிந்துகொண்டாள்.

எழுதியவள் மேல் கட்டிலில் இருந்த பல் டாக்டர். படித்துக்கொண்டிருந்த மாணவிதான், ஆனாலும் எல்லோருடைய வாயையும் திறந்து பார்த்துக் கூடத்தில் பேர் வாங்கியிருந்தாள். தோழிக்கு எழுதியிருந்தாள்: எனக்குக் கீழே ஒரு தபால்காரப் பெண்மணி தூங்குகிறார். ரொம்ப அன்பானவர். ஆனால் விடும் குறட்டை இருக்கிறதே, கரைக்கு ஏதோ படகு வருகிறது என்று இரண்டு முறை எழுந்து பார்த்துவிட்டேன்.

போஸ்ட்டம்மா அதை மறுபடியும் படித்தாள். கிழித்துப் போடலாமா என்று ஒரு கணம் கை துடித்தது. ஆனால் தபால் தபால்தான். முத்திரையை எடுத்து, மேசை அதிர ஒரு குத்துக் குத்தினாள். போஸ்ட்மாஸ்டர் உள்ளேயிருந்து, "என்னம்மா விழுந்துச்சு?" என்று கேட்டார்.

சாயங்காலம் நேராக அக்காவிடம் போனாள்.

"அக்கா, உண்மையச் சொல்லுங்க. நான் குறட்டை விடறேனா?"

அக்கா வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. "இப்பத்தான் உனக்குத் தெரியுமா?"

"ஏங்க்கா இத்தனை வருஷமா சொல்லல?"

"சொன்னா நிறுத்திடுவியா? மூணாம் நம்பர்ல இருந்தாளே ஒருத்தி, ஊருக்குப் போனதுக்கப்புறம் உன் சத்தம் இல்லாம தூக்கம் வரலன்னு எழுதியிருந்தா. நீதான அந்தத் தபாலக் கொண்டாந்து குடுத்த."

அதற்கப்புறம் பத்து நாள் போஸ்ட்டம்மா எல்லோரும் தூங்கிய பிறகுதான் தூங்கினாள். பதினோராவது நாள் அலுத்துப்போய் விட்டுவிட்டாள்.

இப்போது நினைத்துப் பார்த்தால், அந்த நான்காம் வருடம்தான் எல்லாவற்றிலும் நல்ல வருடம் என்று அவளுக்குத் தோன்றும். உடம்பில் தெம்பு இருந்தது. அக்காவின் சிரிப்பு தெருக்கோடிவரை கேட்டது. அந்த வருடம்தான் அம்மா வந்தாள்.

சொல்லாமல் கொள்ளாமல் வந்தாள். செவ்வாய்க்கிழமைப் படகில் வந்து இறங்கி, கேட்டுக் கேட்டு நேராகத் தபால் நிலையத்துக்கு வந்து, பை சுமந்த பெண்களுக்குப் பின்னால் வரிசையில் நின்றிருக்கிறாள். போஸ்ட்டம்மா தலை நிமிராமல், "அடுத்தது" என்றாள்.

"நான்தாண்டி அடுத்தது."

கையிலிருந்த ஸ்டாம்புத் தாள் கீழே விழுந்தது. அம்மா கவுன்ட்டர் கம்பி வழியே கையை விட்டு மகளுடைய கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். "எளைச்சுட்ட. சரி, ரூமுக்குக் கூட்டிட்டுப் போ. காலெல்லாம் விட்டுப் போச்சு."

வழியெல்லாம் போஸ்ட்டம்மா என்ன சொல்வது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே நடந்தாள். ஒத்திகை முடிவதற்குள் வாசல் வந்துவிட்டது. அம்மா நிலைப்படியில் நின்று உள்ளே பார்த்தாள். எட்டுக் கட்டில், எட்டுக் கொசுவலை, தரை முழுக்கப் பைகள், ஒருத்தி குப்புறப் படுத்துப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள்.

"உன் ரூம் எங்கடி?"

"இதாம்மா."

"இது ரூமா? ரயில் பெட்டியக் கழட்டிக் கொண்டாந்து எறக்கின மாதிரி இருக்கு! கடல் தெரியும்னு எழுதினியே?"

"தெரியும்மா. அந்தத் தண்ணித் தொட்டி மேல ஏறி நின்னா தெரியும்."

அம்மா பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். மகளுடைய கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். மேல் கட்டில் அதிர்ஷ்டவசமாகக் காலி. நான்கு வருடத்தில் முதல் தடவையாகப் போஸ்ட்டம்மா மேலே ஏறினாள், மூன்றாவது படியைத் தாண்டிக்கொண்டு. அங்கிருந்து பார்த்தால் அது வேறு கூடமாகத் தெரிந்தது. மின்விசிறி இறக்கைகளின் மேல் விரல் கனத்துக்குத் தூசி. கீழே அம்மாவின் உச்சந்தலையில் நரை ஒரு வகிடாக ஓடியிருந்தது. எப்போது அவ்வளவு நரைத்தது என்று அவளுக்குத் தெரியவில்லை.

இரண்டு நாள் இருந்துவிட்டுப் போவதாகத்தான் அம்மா வந்தாள். மறுநாள் காலையில், ஈரத் துண்டை மெத்தைமேல் போட்டிருந்த ஒரு பெண்ணை அவளால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. "ஏம்மா, வயசுப் பொண்ணு, ஈரத்தை இப்படிப் போட்டா மெத்தை நாறாதா?" என்று தன் மொழியிலேயே ஒரு பிடி பிடித்தாள். அந்தப் பெண்ணுக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை. துண்டை எடுத்துக்கொண்டுபோய்க் கொடியில் போட்டாள். அவ்வளவுதான், அம்மாவுக்கு வழி பிறந்துவிட்டது. அன்றிலிருந்து படுக்கைகளை உதறினாள், செருப்புகளை ஜோடி சேர்த்தாள், கொடிக்கயிற்றில் யாருடையது எங்கே காய வேண்டும் என்று சட்டம் போட்டாள். போஸ்ட்டம்மா "அம்மா" என்று கூப்பிடுவதைக் கேட்டு, அதுதான் அவளுடைய பெயர் என்று நினைத்துக்கொண்டு, ஆறு பெண்களும் "அம்மா, அம்மா" என்றார்கள். அம்மாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. இரண்டு நாள் பன்னிரண்டு நாளானது.

அப்போது மூன்றாம் நம்பர் மேல் கட்டிலில் ஒரு பெண் இருந்தாள். தலையை மழுங்க மழித்திருந்தாள். வயது இருபத்துமூன்றோ நாலோ இருக்கும். வந்து ஐந்து வாரமாகியிருந்தது. யாரோடும் அதிகம் பேசமாட்டாள். தடிமனான ஒரே புத்தகத்தை வைத்துக்கொண்டிருப்பாள், பக்கம் நகர்ந்ததாகத் தெரியாது. மற்றவர்கள் எல்லோரும் ஒரு கார்டாவது போடக் கவுன்ட்டருக்கு வந்திருக்கிறார்கள். அவள் ஒருமுறைகூட வந்ததில்லை. போஸ்ட்டம்மா அதைக் கவனித்திருந்தாள், கவனித்ததை மனதுக்குள் ஒரு மூலையில் வைத்துப் பூட்டியும் இருந்தாள். அம்மாவுக்கு அதைக் கண்டுபிடிக்க ஆறு நாள் போதுமானதாக இருந்தது.

"அந்த மொட்டைப் பொண்ணு வீட்டுக்கு எதுவும் எழுதறதில்லையாடி?"

"இல்லம்மா."

"ஏன்?"

"எனக்கெப்படித் தெரியும்? அதெல்லாம் கேக்கக் கூடாது. இங்க யாரும் யாரையும் கேக்கறதில்ல."

"இது என்ன பழக்கம்!" என்றாள் அம்மா.

மறுநாள் தபால் நிலையத்துக்கு வந்து படகுப் படம் போட்ட ஒரு கார்டும் ஸ்டாம்பும் வாங்கிக்கொண்டு போனாள். யாருக்கு என்று மகள் கேட்டதற்கு, "எனக்குத்தான்" என்றாள். சாயங்காலம் போஸ்ட்டம்மா வேலை முடிந்து வந்தபோது, துவைக்கிற கல்லில் அம்மாவும் அந்த மொட்டைப் பெண்ணும் அருகருகே உட்கார்ந்திருப்பது தெரிந்தது. அம்மா கார்டை அந்தப் பெண்ணின் மடியில் வைத்திருந்தாள். பேனாவை எடுத்து அவள் விரல்களுக்கு நடுவே செருகினாள். தன் நெஞ்சைத் தொட்டு, "அம்மா" என்றாள். பிறகு கடல் இருக்கிற திசையில் கையை நீட்டி, ரொம்பத் தூரம் என்பதுபோல் ஆட்டி, மறுபடியும் "அம்மா" என்றாள்.

அந்தப் பெண் கார்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியது. சத்தம் வரவில்லை. அம்மா அவளுடைய மொட்டைத் தலையில் கையை வைத்தாள். உடனே அவள் எழுந்து, கையைத் தட்டிவிடாத குறையாக உள்ளே போய், மேலே ஏறிக் கொசுவலையை இறக்கிவிட்டுக்கொண்டாள்.

காலையில் அந்தக் கட்டில் காலி. விரிப்பு நான்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது. முதல் படகிலேயே போய்விட்டாள் என்று அக்கா சொன்னாள். தலையணைமேல் பேனா இருந்தது. கார்டைக் காணவில்லை.

போஸ்ட்டம்மாவுக்குக் கோபம் தலைக்கேறியது. "நாலு வருஷமா ஒருத்தியையும் நான் ஒரு கேள்வி கேட்டதில்ல. நீ வந்து எட்டு நாள்ல ஒருத்திய ஓட வச்சுட்ட. உனக்கெதுக்கும்மா இந்த வேலை?"

"ஓடலடி. வீட்டுக்குத்தான் போயிருப்பா."

"உனக்குத் தெரியுமா?"

அம்மா பேனாவை மூடினாள். "தெரியாது" என்றாள். அந்த ஒரு சொல்லில் அவளுடைய குரல் அப்படி இறங்கிப்போனதைக் கேட்டு, மகள் மடித்த விரிப்பை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

நான்கு நாள் கழித்து அம்மா ஊருக்குப் போனாள். படகில் ஏறும்போது கூடத்துப் பெண்கள் ஆறு பேர் துறைக்கு வந்து கையசைத்தார்கள். அதன்பிறகு அம்மா எழுதிய ஒவ்வொரு கடிதமும் ஒரே மாதிரிதான் முடிந்தது. உடம்பைப் பார்த்துக்கொள், வேளைக்குச் சாப்பிடு, அந்த மொட்டைப் பெண் ஏதாவது எழுதினாளா? போஸ்ட்டம்மாவும் "இல்லை" என்று எழுதுவாள். அடுத்த கடிதத்தில் மறுபடியும் அதே கேள்வி. பேர் தெரியாத ஒரு பெண், முகவரி தெரியாத ஒரு நாடு. எங்கேயிருந்து எழுதுவாள்? எதற்காக எழுதுவாள்? ஆனாலும் தபால் பை வந்து இறங்குகிற நாட்களில் போஸ்ட்டம்மாவின் கை கார்டுகளைக் கொஞ்சம் மெதுவாகத்தான் பிரித்தது.

ஏழாம் வருடம் அம்மா படுத்துவிட்டாள். அண்ணன் எழுதியிருந்தான்: நினைவு வருகிறது, போகிறது. நினைவு வந்தால் உன்னைக் கேட்கிறாள், அப்புறம் யாரோ மொட்டைப் பெண்ணைக் கேட்கிறாள். யார் அது?

போஸ்ட்டம்மா லீவுக்கு எழுதிப் போட்டாள். பதில் ஆள் வர ஒரு வாரமாகும் என்றார்கள். அன்று மத்தியானம், கவுன்ட்டரில் யாரும் இல்லாத நேரத்தில், அவள் ஒரு கடிதத் தாளை எடுத்தாள். அம்மா, அந்தப் பெண்ணிடமிருந்து கார்டு வந்துவிட்டது என்று எழுதினாள். வீட்டுக்குத்தான் போனாளாம். முடி தோள்வரை வளர்ந்துவிட்டதாம். அம்மா சௌக்கியமா என்று கேட்டிருக்கிறாள். கார்டில் ஒரு பாலத்தின் படம், பாலத்தின்மேல் மழை பெய்கிறது. அதை எதற்கு எழுதினாள் என்று அவளுக்கே தெரியாது. பொய் கொஞ்சம் கால் ஊன்றி நிற்கட்டும் என்றுதான் இருக்கும். அத்தனை வருடம் அடுத்தவர்களுடைய எழுத்தைக் கையில் வாங்கி அனுப்பியவள், அதில் ஒரு புள்ளிகூடச் சேர்த்ததில்லை. அந்தக் கடிதத்தை ஒட்டி, தானே முத்திரை குத்திப் பையில் போட்டாள்.

அம்மா சொல்லச் சொல்ல அண்ணன் எழுதிய பதில், போஸ்ட்டம்மா புறப்படுகிற நாளன்று வந்தது. "முடி வளந்துடுச்சா? நல்லது. நல்லா எண்ணெய் தேய்க்கச் சொல்லு."

அவள் போய்ச் சேர்ந்தபோது அம்மாவுக்கு நினைவு இருந்தது. அடையாளம் தெரிந்தது. மொட்டைப் பெண்ணைப் பற்றி அம்மா அதற்குப் பிறகு கேட்கவே இல்லை. அது முடிந்த விஷயம் என்பதுபோல் நிம்மதியாக இருந்தாள். ஒன்பது நாள் கழித்துப் போய்விட்டாள்.

இத்தனை வருடம் ஆகிவிட்டது. இன்றைக்கும் போஸ்ட்டம்மாவுக்கு அந்தப் பாலம் நன்றாக ஞாபகம் இருக்கிறது, அதன்மேல் பெய்த மழையும். அப்படி ஒரு கார்டு வரவேயில்லை என்பதைத் தனக்குத்தானே எடுத்துச் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஒன்பதாம் வருடம் புதிய போஸ்ட்மாஸ்டர் வந்தார். இளைஞர், சுறுசுறுப்பானவர். வந்த இரண்டாம் மாதம் தகடும் ஆணியும் ஒரே படகில் வந்து இறங்கின. குவார்ட்டர்ஸுக்குக் கூரை ஏறிவிட்டது. தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு புறப்பட்ட அன்று அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். "இந்தா இருக்கு உன் வீடு, கூப்பிட்டா கேக்கற தூரம். நான் என்னத்துக்கு அழுவறேன்?" என்று அவளே கேட்டுவிட்டு அவளே அழுதாள். லாட்ஜ்காரர் ஸ்டூலைப் போட்டு ஏறி, நன்றாகச் சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியை நிறுத்தி, கழற்றி, துடைத்து மறுபடியும் மாட்டினார்.

குவார்ட்டர்ஸில் இரண்டு அறை, ஒரு சமையலறை, வீட்டுக்குள்ளேயே குழாய், தனிப் பூட்டு. எதற்கும் வரிசையில் நிற்க வேண்டாம். முதல் நாள் அவள் குளியலறையில் நாற்பது நிமிடம் இருந்தாள், இருக்கலாம் என்பதற்காகவே. இரண்டாம் வாரத்தில், பாத்திரம் கழுவும்போது தான் உரக்கப் பேசிக்கொண்டிருப்பதைக் கவனித்தாள். மூன்றாம் வாரம், சும்மா பார்க்க வந்தேன் என்று லாட்ஜுக்குப் போய், மூன்று மணி நேரம் கூடத்தைப் பெருக்கிவிட்டு வந்தாள். நாலாம் நம்பர் கீழ்க் கட்டிலில் யாரோ ஒருத்தி வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். போஸ்ட்டம்மாவுக்குச் சுருக்கென்றது.

"என்னடி இப்படி வத்திப் போயிட்ட?" என்றாள் அக்கா. "தனி வீடு ஒத்துக்கலியா?"

"வீடு நல்லாத்தாங்க்கா இருக்கு."

"அதுதான் தெரியுதே."

அந்த மாதக் கடைசியில் ஒரு மழைநாள், படகு பதினோரு பெண்களைக் கொண்டுவந்து இறக்கியது. கூடத்தில் இருப்பதோ எட்டுக் கட்டில். அக்கா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. மூன்று பேரைக் குடைக்குள் தள்ளி, "போஸ்ட்டம்மா வீட்டுக்குப் போங்க" என்று கையைக் காட்டிவிட்டாள். கதவைத் திறந்தால், மழையில் நனைந்த கோழிகளைப்போல் மூன்று பேர் நிற்கிறார்கள். போஸ்ட்டம்மா ஒன்றும் கேட்கவில்லை. "செருப்ப வெளிய விடுங்க" என்றாள். அன்றிலிருந்து கூடம் நிரம்பினால் மிச்சம் அவள் வீட்டுக்கு வந்தது. ஒருத்தியிடமும் காலணா வாங்கியதில்லை. அவர்கள் காய் நறுக்கினார்கள், துணி துவைத்தார்கள், காலையில் ஸ்டாம்பு வாங்க வரிசையில் வந்து நின்றார்கள்.

ஒரு வருடம் இப்படி ஓடிய பிறகு, தலைமை அலுவலகத்திலிருந்து இன்ஸ்பெக்டர் வந்தார். தபால் நிலையத்தைப் பார்த்து முடித்துவிட்டு, ஒன்பது வருடம் கோப்பில் படுத்திருந்த அந்தக் கூரையைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றார். போஸ்ட்மாஸ்டர் அவரை அழைத்துவந்தார். போஸ்ட்டம்மா பின்னாலேயே ஓடிவந்தாள்.

வாசலில் கலர் கலராகத் துணி காய்ந்தது. படியில் ஒரு செம்பட்டை முடிக்காரி உட்கார்ந்து உருளைக்கிழங்குத் தோல் சீவிக்கொண்டிருந்தாள். நிலைப்படியில் தலை இடிக்கிற உயரத்தில் இன்னொருத்தி, வாயில் பல்பொடி நுரையோடு நின்றாள். மூன்றாமவள் பாயில் குப்புறக் கிடந்தாள்.

இன்ஸ்பெக்டர் நின்றுவிட்டார். "குவார்ட்டர்ஸ்ல ஸ்டாஃபும் சொந்தக்காரங்களும்தாம்மா இருக்கலாம். யாரு இவங்க?"

"சொந்தக்காரங்க சார்."

"மூணு பேருமா?"

"ஆமா சார். ஒண்ணு விட்ட தங்கச்சிங்க."

போஸ்ட்மாஸ்டருக்குத் திடீரென்று இருமல் வந்துவிட்டது. செம்பட்டை முடிக்காரி, என்ன பேச்சு என்று தெரியாமலே, பெரியவர் வந்திருக்கிறாரே என்று எழுந்து ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். இன்ஸ்பெக்டர் ஸ்டூலைப் பார்த்தார், மூன்று தங்கைகளையும் பார்த்தார், கடைசியில் அண்ணாந்து கூரையைப் பார்த்தார். உட்கார்ந்து டீயும் குடித்துவிட்டுத்தான் போனார். அவர் எழுதிய அறிக்கையின் நகல் பின்னால் வந்தது. "ஊழியரின் உறவினர் மூவர் வந்து தங்கியுள்ளனர். கூரை ஒழுகவில்லை."

அந்தத் தீவில் அவள் இன்னும் ஐந்து வருடம் இருந்தாள். பிறகு மாற்றல், வேறு ஊர்கள், ஓய்வு. இப்போது அண்ணன் வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில், மூன்றாவது மாடியில் ஒரு சின்ன ஃபிளாட்டில் இருக்கிறாள். அக்காவின் லாட்ஜில் கூடத்தை இடித்து, குளிர்சாதனம் வைத்த இரண்டு அறைகளாக்கிவிட்டார்கள். மகன் பார்த்துக்கொள்கிறான், நன்றாக நடக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அக்கா போன் செய்வாள். இருவரும் பேசுவதெல்லாம் அந்த எட்டுக் கட்டில்களில் படுத்து எழுந்து போனவர்களைப் பற்றித்தான்.

போன வாரம் இருவருக்கும் சண்டையே வந்துவிட்டது. கண்ணாடியைத் தண்ணீர்த் தொட்டிக்குள் போட்டுவிட்டு, எடுக்கிறேன் என்று தானும் உள்ளே விழுந்தாளே ஒருத்தி, அவள் எந்தக் கட்டில்?

"ரெண்டாம் நம்பர் மேல் கட்டில்" என்றாள் அக்கா.

"இல்லக்கா, ஒண்ணாம் நம்பர் கீழ. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

"உனக்கென்ன ஞாபகம்? நீ அப்ப ஆபீஸ்ல இருந்த. நான்தான் கத்தினேன்."

"கத்தினது நீங்க. ஈரத்தோட வந்து என் போர்வைய எடுத்துப் போத்திக்கிட்டது அவ. எனக்குத் தெரியாதா?"

போனில் பின்னாலிருந்து ஓர் ஆண் குரல் கேட்டது. லாட்ஜ்காரர். பேசவே பேசாதவர்.

"ஒண்ணாம் நம்பர் கீழ" என்றார். "தொட்டிக்குள்ள எறங்கித் தூக்கினது நான்."

 பிறகு மூன்று பேரும் சேர்ந்து சிரிக்க ஆரம்பித்தார்கள்.